முப்பத்தெட்டு டிகிரி

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் ஆலை.
எனக்குக் குளிரறையில் வேலை, மைனஸ் பதினெட்டு.
வாசலைத் தாண்டினால் சித்திரை வெயில், முப்பத்தெட்டு.
நடுவில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை
நாளைக்கு நாற்பது தடவை தோளால் விலக்குகிறேன்.

தம்பி மாதேஷ் காவல் நிற்கும் மலையிலும்
இதே எண்தான் பேச்சு.
"முப்பத்தெட்டு டிகிரி சரிவுதான்க்கா மோசம்.
ரொம்ப செங்குத்தா இருந்தா பனி தங்காது,
அப்பப்ப கொட்டிடும்.
படுத்த சரிவுன்னா அசையாது.
நடுவுல இருக்குது பாரு, அதுதான்
தாங்கற மாதிரியே தாங்கி"
சிக்னல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று
சையத் பாஷா மலையை போனில் அளந்தேன்.
சாய்வு காட்டும் ஆப். இலவசம்,
நடுநடுவே நகைக்கடன் விளம்பரம் வரும்.
பர்கூர் பஸ்ஸுக்கு நின்றவர்
படம் பிடிக்கிறேன் என்று விலகி வழிவிட்டார்.
நாற்பத்தொன்று காட்டியது.
வெறும் பாறை, எங்கும் போகாது.
ஆனாலும் இரண்டாம் முறை அளந்தேன்.

அடுத்த போனில் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.
சிமெண்டுத் தரையில் கேழ்வரகைப் பரப்பு.
மேலே ஒரு கடப்பாக் கல்லை வை.
தரையை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே போ.
"கல்லு கெட்டிதான்க்கா, ஆளு ஏறி நிக்கலாம்.
உருள்றது அடியில இருக்கற ராகி."
தையில் ஒரு வாரம் பனி பெய்யாமல்
குளிர் மட்டும் காய்ந்ததாம்.
அப்போது விளைந்த மணிகள்,
சர்க்கரை போல, ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை.
மாசிப் பனியும் பங்குனிப் பனியும்
அதன் மேலேறி உட்கார்ந்தும்
இன்னும் ஒட்டவில்லையாம்.

எனக்கு அப்பாவும் சித்தப்பாவும்
அந்த ஒன்றரை ஏக்கரும் நினைவுக்கு வந்தன.
அவனிடம் சொல்லவில்லை.

குளிர்க்குழாயில் படியும் பனியைச் சுரண்டுவதும் என் வேலை.
இப்போதெல்லாம் சுரண்டுமுன் குத்திப் பார்க்கிறேன்.
முஷ்டி இறங்கினால் மெத்து.
அடுத்தது நாலு விரல், பிறகு ஒரு விரல்,
பென்சில், கடைசியில் கத்தி.
அவன் பனியில் ஆளுயரக் குழி வெட்டி
சுவரை மேலிருந்து கீழே இப்படித்தான் குத்துவானாம்.
கத்திக்கு அடியில் முஷ்டி வந்தால்
வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

"ஐஸ்கிட்ட என்னம்மா பேச்சு, லோடு நிக்குது"
என்றார் சூப்பர்வைசர் நவாஸ்கான்.
லோடு நின்றது உண்மைதான்.
செந்தூரா ஏழு லாரி, பெங்களூரா இருபத்திரண்டு.

சனிக்கிழமை அவன் பக்கத்து எச்சரிக்கை நாலாம் நிலை.
மொத்தமே ஐந்துதான்.
ஞாயிறு போன் வரவில்லை.
திங்களும் இல்லை.

செவ்வாய், குழாயின் பின்பக்கம்
கதவகலப் பாளம் ஒன்றைத் தட்டினேன்.
விழவில்லை. உள்ளே எங்கோ
தொம் என்றது.
அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறான்,
மலை மூச்சு விடுவது போல இருக்குமாம்,
கேட்டால் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.
வைக்கவில்லை.
பாளம் அவசரமில்லாமல் நழுவி
என் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் உடைந்தது.
தூள் அடங்கும்வரை
எதிரே இருந்த ட்ரம்கள்கூடத் தெரியவில்லை.
நவாஸ்கான் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்,
லோடு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதன் ராத்திரி பத்தரைக்கு போன்.
"பெங்களூரா கிலோ என்ன போகுது?" என்றான்.
சொன்னேன்.
"அவ்ளோதானா?"

விடிகாலை நாலுக்குக் கிளம்பி
வெயில் ஏறுமுன் சரிவைத் தாண்டிவிடுவார்களாம்.
ஒருவர் பின் ஒருவர், ஐம்பது மீட்டர் விட்டு.
கயிறு கட்ட மாட்டீங்களா என்றேன்.
"சேத்துக் கட்டினா சேந்து போயிடும்க்கா."
நீ எத்தனையாவது ஆள்?
கொஞ்சம் தாமதித்து, "ரெண்டாவது" என்றான்.
அந்தத் தாமதத்தைக் குத்திப் பார்க்க
என்னிடம் விரல் இல்லை.

மூன்று ஐம்பதுக்கு அலாரம் வைத்தேன்.
எனக்கு ஷிப்ட் எட்டு மணிக்குத்தான்.